தையல்காரம்மாவும் பட்டாள லாரியும்

லாரியை இழுக்கிற லாரியை வீடு கொண்டுவந்து சேர்க்க இன்னொரு லாரி தேவைப்பட்டது. தையல்காரம்மாவின் எரிச்சல் அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

பட்டாளத்து வண்டிகள் சேற்றில் புதைந்தாலோ பள்ளத்தில் கவிழ்ந்தாலோ போய் இழுத்து வருவதற்கென்றே கட்டப்பட்ட பழைய மீட்பு லாரி அது. மூக்கில் எஃகுக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச், முதுகில் ஒரு கிரேன், ஆளுயரத்துக்குச் சக்கரங்கள். ஏதோ ஒரு ஏலக் கிடங்கில், ஜன்னல் வழியாகக் கொடி ஏறி, சீட்டுக்குள் எறும்பு குடிபுகுந்து கிடந்ததை அவள் கணவர் வாங்கிவிட்டார். என்ன விலை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான். அப்போது வீட்டுக்குப் பின்னால் வெறும் பொட்டல். நீளமான டிரெய்லர் ஒன்று அந்த வழியாக வந்து, பக்கத்துக் காலி மனையில் இதை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

மரக்கிடங்கு வைத்திருக்கும் அவள் தம்பி வந்து பார்த்தான். சுற்றி வந்தான். டயரை உதைத்துப் பார்த்துக் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழனிப்பானையில விழுந்த கதைதான், அக்கா. ஊர் வண்டியையெல்லாம் இழுக்கறது இங்க வந்து படுத்துக்கிச்சே."

அதற்கு 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று பெயர் வைத்ததும் அவன்தான். வந்து உட்கார்ந்துவிட்டது, வேலை எதுவும் செய்வதில்லை, செலவு மட்டும் வைக்கிறது, கேட்டால் முறைக்கிறது. பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருந்தது. கணவர் கண்ணாடிப் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் உலை மேற்பார்வையாளராக இருந்தவர். உலை இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே வாழ்ந்த மனிதர், உப்பு வேண்டும் என்பதைக்கூடத் தெருவுக்கே கேட்கிறமாதிரிதான் கேட்பார். தொழிற்சாலையை மூடினார்கள். அதோடு அவர் வாயும் மூடிக்கொண்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடறீங்களா என்றால் ஒரு தலையாட்டல். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மகள் வெளியூரிலிருந்து போன் போட்டு அழுதாள். வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும் என்று தையல்காரம்மா துணியே வைக்காமல் வெறும் மெஷினை ஓட்டிய நாட்கள் உண்டு. அந்த ஒரு வருஷத்தை எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்பாள்.

அப்படி இருந்தவர் ஒருநாள் பழைய கூட்டாளி ஒருவருடன் எங்கேயோ போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "முன்னாடி ஒரு வின்ச், பின்னாடி கிரேன், எல்லாச் சக்கரமும் இழுக்கும். எஞ்சின் இறுகிப்போயிருக்கு, ஆனா உடையலை" என்றார். ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை. அவள் என்ன சொல்ல முடியும்? "சரி, கொண்டாங்க" என்றாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவள் அவள்தான். இனி குத்துது, குடையுது என்று யாரிடம் சொல்ல?

குத்தவும் செய்தது, குடையவும் செய்தது. பட்டன் டப்பாக்களில் பட்டனைக் கொட்டிவிட்டு நட்டும் வாஷரும் போட்டு வைத்தார். அவளுடைய நல்ல கத்தரிக்கோலால் எஞ்சினுக்கு அடியில் வைக்கும் தடித்த அட்டையை வெட்டினார். அதற்கப்புறம் அந்தக் கத்தரி துணியைக் கடித்ததே தவிர வெட்டவில்லை. மெஷினுக்கு வாங்கிய எண்ணெய் எப்போதும் காலி. பருப்பு வேகவைக்கும் பாத்திரத்தில் டீசல் ஃபில்டர் ஊறிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்று அவள் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். டெலிவரிக்கு மடித்து வைத்த வெள்ளைத் திரைச்சீலையில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கறுப்புக் கை. பள்ளிச் சீருடைகளில் டீசல் வாடை. "பையனை ராணுவத்துக்கா அனுப்பறீங்கன்னு மிஸ் கேட்கறாங்க" என்று ஒரு தாய் வந்து சட்டையை நீட்டினாள்.

பேச்சு என்றால் பேச்சு, அப்படி ஒரு பேச்சு. சாப்பிடும்போது கியர்பாக்ஸ், கைகழுவும்போது கிரேன். தூக்கத்தில்கூட ஏதோ போல்ட்டின் அளவு சொன்னார். சீட்டுக்கு மெத்தை தைக்கச் சொன்னார். தைத்தாள். பழைய சீட்டில் தையல் கோடு குறுக்கே போகும், இது நெடுக்கே போகிறது என்றார். பிரித்துத் தைத்தாள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்றார். பிரித்துத் தைத்தாள். ஓரத்துக்கு இரட்டைத் தையல் வேண்டும் என்றார்.

"அதுல யாருங்க வந்து உட்காரப்போறாங்க? ஜெனரலா?"

"சரியா இருக்கணும்ல" என்றார் அவர், அவள்தான் அநியாயம் பேசுவதுபோல.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பெயின்ட் அடித்து முடித்து அவர் பெருமையாக நின்றபோது, துணிக்கு நூல் பொருத்தியே பழகிய அவள் கண் சும்மா இருக்கவில்லை. "உள்ள கதவு இடுக்குல இருக்கிற பழைய பச்சையில கொஞ்சம் மஞ்சள் இருக்கு. நீங்க அடிச்சதுல இல்லை" என்று சொல்லித்தொலைத்தாள். முழு லாரியையும் சுரண்டி மறுபடி அடித்தார். இரண்டு மழைக்காலம் அதிலேயே போயிற்று.

ஒருவழியாக எஞ்சின் கிளம்பியது. கிளம்பிய புகையில் தெருவே இருமியது. வின்ச் சுற்றியது, கிரேன் தலை தூக்கியது. ஆனால் சக்கரம் மட்டும் அசையவில்லை. எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பல்சக்கரம் ஒன்று உள்ளே நொறுங்கிப்போயிருந்தது. அதை இப்போது எவரும் செய்வதில்லை. அவர் ஊர் ஊராகத் தேடினார், போன் போட்டார், கிடைக்கவில்லை. ஆனை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு அலைச்சல். வீட்டுக்கு வரும் உறவுக்காரர் ஒவ்வொருவரும், "ஓடுமா?" என்று கேட்பார்கள். அவள் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். "இந்தச் சனியன் என்னைக்கு ஒழியுதோ அன்னைக்குத்தான் எனக்கு விடிவு" என்று அவள் சொல்லாத வாரம் கிடையாது.

ஒழிவதற்கு நாளும் வந்தது. பக்கத்து மனைக்காரர் வீடு கட்டத் தீர்மானித்தார். நல்ல மனிதர், இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "வாரக் கடைசிக்குள்ள எடுத்துடுங்கம்மா, கடைக்கால் தோண்ட ஆள் வருது" என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார். பின்பக்கத்துப் பொட்டலில் இப்போது வரிசையாக வீடுகள், டிரெய்லர் நுழைய வழியில்லை. பழுதான வண்டிகளைத் தூக்கிப்போகும் ஆட்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். வண்டியின் எடையைக் கேட்டார்கள், தெரு வளைவைப் பார்த்தார்கள், தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாப்பாட்டின்போது அவர் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசவில்லை.

"இரும்புக்கடைக்காரரை வரச்சொல்லிட்டேன்" என்றார். "அறுத்து எடுத்துட்டுப் போயிடுவார்."

அவ்வளவுதான். தட்டைப் பார்த்துச் சொன்னார். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அது அந்த வருஷத்துக் குரல். எத்தனையோ நாள் சபித்த காரியம் நடக்கப்போகிறது, சந்தோஷமாக ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அவள் தட்டை அப்படியே மூடி வைத்தாள்.

காலையில் இரும்புக்கடைக்காரர் கேஸ் சிலிண்டரோடு வந்து கிரேனை எங்கே அறுப்பது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கணவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி வேணுமா என்று கேட்டாள். தலையாட்டினார். வெளியே போய் நிக்கலையா என்று கேட்டாள். தலையாட்டினார். அவள் மெஷினில் போய் உட்கார்ந்து மிதித்தாள். சற்று நேரம் கழித்துத்தான் துணியே வைக்கவில்லை என்பது கண்ணில் பட்டது. எழுந்தாள்.

"அண்ணே, சிலிண்டரை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"சார்தான் வரச்சொன்னாரு, அம்மா."

"சார் சொன்னாரு, நான் சொல்லலை. உள்ள இருக்கிற சீட்டு நான் தைச்சது. நாலு தடவை தைச்சது. அதை யாரும் அறுக்க முடியாது."

சீட்டை அறுக்க வரவில்லை, இரும்பைத்தான் அறுக்க வந்தேன் என்று அவர் நியாயம் பேசப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே வந்து கணவர் எதிரில் நின்றாள்.

"ஊர் வண்டியையெல்லாம் இழுக்கும்னு வருஷக்கணக்கா என் காதைத் தின்னீங்களே. தன்னை இழுத்துக்காதா?"

"இழுத்துக்கும்."

"அப்புறம் என்ன?"

"கயித்தை எதுலயாவது மாட்டணும்."

"மாட்டுவோம்."

"தெருவுல பிடிமானம் இல்லை. மாட்டினாலும் எங்க கொண்டுபோய் நிறுத்தறது? தவிர அந்த வளைவுல..." என்று ஆரம்பித்து அவர் நிமிர்ந்து பார்த்தார். வாக்கியம் நீண்டுகொண்டு போவதை அவள் கவனித்தாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் கிடங்கு அதே தெருவின் மேட்டுக் கோடியில்தான்.

"மாப்பிள்ளை உன் வீட்டுக்கு வர்றார்டா. பின்பக்கம் இடத்தை ஒழிச்சு வை."

"அக்கா, விளையாடாதே. இங்க மரம் வைக்கவே இடமில்லை."

"அப்ப என்னையும் மாமாவையும் வச்சுக்க இடம் இருக்கா பாரு. கடைசியில நாங்கதான் வருவோம்."

அவன் பெருமூச்சு விட்டது போனில் காற்றாக வந்தது. "சரி, வா" என்றான்.

பாவாடைக்கு நாடா கோர்ப்பது போலத்தான் அன்றைய வேலை. கொக்கியை முன்னால் கொண்டுபோய் மாட்ட வேண்டும், லாரி தன் கயிற்றைத் தானே சுருட்டிக்கொண்டு அங்கே போய்ச்சேரும். பிறகு கயிற்றைத் தளர்த்தி இன்னும் முன்னால் கொண்டுபோக வேண்டும். மேடான தெரு, கைப்பிரேக்கை நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் சக்கரத்துக்குப் பின்னால் மரக்கட்டை வைக்க வேண்டும். கணவர் மேலே ஸ்டீயரிங்கில். கொக்கியும் கட்டையும் அவள் பொறுப்பு.

முதல் இழுப்புக்குத் தெருவோரத்து மரம் கிடைத்தது. பட்டை உரியாமல் இருக்க அவளுடைய பழைய போர்வையை மரத்துக்குச் சுற்றினார்கள். எஞ்சின் உறுமியது, கயிறு விறைத்தது, இத்தனை வருஷம் ஓரிடத்திலேயே குந்தியிருந்த மாப்பிள்ளை எழுந்து நகர்ந்தார். தெருவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த மரியாதை வளைவு வரைக்கும்தான் நீடித்தது. வளைவில் மரம் கிடையாது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் வீட்டு கேட்டுத் தூண்தான் இருந்தது. வருஷாவருஷம் அவர் பேன்ட்டின் இடுப்பைப் பிரித்து அகலமாக்கித் தருபவள் அவள். அவரால் மறுக்க முடியவில்லை.

"தூண் தாங்குமா, அம்மா?"

"தாங்கும், சார்."

தாங்கவில்லை. லாரி வளைவில் திரும்பி முடித்த அதே நேரத்தில் தூண் மெதுவாகச் சாய்ந்து, கேட்டையும் தபால்பெட்டியையும் கூட்டிக்கொண்டு தெருவில் படுத்தது. போஸ்ட்மாஸ்டர் கத்தினார். அவர் மனைவி அதைவிட அதிகம் கத்தினாள். கட்டித் தருகிறோம் என்று தையல்காரம்மா கும்பிட்டாள். கேட்டில் உரசி லாரியின் பெயின்ட் போன இடத்தை எட்டிப் பார்த்து, "அடடா, பச்சை போச்சே" என்று கணவர் மேலிருந்து வருத்தப்பட்டார். அவரை என்ன செய்தால் தகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசி நீட்டத்துக்குத் தம்பி தன் லாரியில் மரம் ஏற்றிக் கிடங்கின் உள்கோடிச் சுவரை ஒட்டி நிறுத்தினான். "இவ்வளவு எடையை இழுக்க எங்க வண்டிக்குத் தெம்பில்லை. அசையாம நிக்கச் சொல்லு, எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கும்" என்றான். கொக்கியை அதில் மாட்டினாள். உள்ளங்கை இரண்டும் கிரீஸ், புடவை முழங்கால்வரை மண், தோள்பட்டை கழன்று விழுகிறாற்போல வலி. நாளைக்குத் தரவேண்டிய சீருடைகள் வெட்டப்படாமல் கிடந்தன.

மேலே அவர் உச்ச குரலில் கத்திக்கொண்டிருந்தார். உலைக்கு மேல் கத்திய அதே குரல்.

"கயித்துப் பக்கத்துல யாரும் நிக்காதீங்க! தள்ளு! கட்டையை எடு! எடுன்னா எடுக்கணும்! அங்க இல்லை, அந்தச் சக்கரம்! எத்தனை தடவை சொல்றது? காதுல பஞ்சா வச்சிருக்கே? சொல்றது ஒண்ணு, நீ செய்யறது ஒண்ணு!"

தெருவே வேடிக்கை பார்த்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னக்கா இது? இவருக்காக நாய் மாதிரி உழைக்கறே, நாலு பேர் முன்னாடி இப்படித் திட்டறாரு. நீயும் கேட்டுக்கிட்டு நிக்கறியே. நான் ரெண்டு வார்த்தை கேக்கறேன்."

அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பேசாம இருடா" என்றாள். கண்ணைத் துடைக்கப் போய்க் கன்னம் முழுக்கக் கிரீஸ் ஆயிற்று. "திட்டட்டும். நல்லா திட்டட்டும்."

லாரியின் மூக்கு கிடங்கு வாசலைத் தாண்டியது. அங்கிருந்து தரை உள்நோக்கிச் சரிகிறது. இனிக் கட்டை சக்கரத்துக்கு முன்னால் போக வேண்டும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். கட்டையைத் தூக்கி முன்சக்கரத்தின் எதிரில் சரியாகப் பொருத்தினாள். பிறகு அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"எந்தப் பக்கங்க வைக்கணும்? முன்னாலயா, பின்னாலயா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.