மார்கழிப் பனியும் ஜன்னல் கம்பியும்

எதிர் வீட்டுக்காரர் மார்கழிக் காலையில் இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் விட்டிருக்கிறார். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியப் போய்ப் புத்தி சொல்கிறவன் இல்லை நான். அவர் கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனாலும் ராயபுரத்தில் என்னைப்போல் பிரஷ் பிடித்தவன் கிடையாது. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ஐம்பதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்துவிட்டு, கழுத்தில் மஃப்ளரோடு திரும்பினேன். வியர்த்துக் கொட்டினாலும் கழற்ற மாட்டேன்.

அதைப் பார்த்துத்தான் ரோசம்மா சிரித்தாள், நான் விழுந்தேன். அவள் அப்பா அந்தோணி, ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். பெண் கேட்டுப் போனால், கடலைப் பார்த்த ஜன்னல் கம்பிகளைக் காட்டினார். கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் பெயிண்ட் அடிக்கிற நேரம்.

"அடிச்சுக் குடு. ஈஸ்டர் வரைக்கும் கொப்புளம் வராம நின்னா, கோயில்ல உன் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன்."

காலையில் கம்பியெல்லாம் பனியில் நனைந்திருந்தது. துடைத்துவிட்டு வெயில் ஏறக் காத்திருந்தேன். பெங்களூரில் அவ்வளவுதான் வேலை. ரோசம்மா வந்து ஒரு கம்பியை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வாடைக்காற்று கொண்டுவரும் கடல் உப்பு பனியோடு இரும்பில் இறங்கும். பனி காய்ந்துவிடும், உப்பு போகாது. நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, நாக்கில் கரிக்காமல் இருந்தால்தான் பிரஷ் வைப்பார்கள். எனக்கும் தெரிந்ததுதான்; பெங்களூர் பார்த்தவனுக்கு அது கேவலமாகப் பட்டது.

"கரிக்குது. கழுவிட்டு அடி."

"பெங்களூர்ல யாரும் கம்பிய நக்க மாட்டாங்க."

"பெங்களூர்ல கடலு கீதா?"

நியாயமான கேள்வி. ஆனாலும் கழுவாமலே அடிக்கத் தொடங்கினேன்.

கிறிஸ்துமஸ் அன்று பச்சை பளபளத்தது. பொங்கலுக்கு மறுநாள் போனால், அம்மை போட்டதுபோல் கொப்புளம். நகம் பட்டால் துருத்தண்ணீர். அந்தோணி என் மஃப்ளரையே பார்த்தார். ரோசம்மாதான் வாயைத் திறந்தாள்.

"ஈஸ்டருக்கு இன்னும் நாளு கீதே நைனா. சொரண்டிட்டு மறுபடி அடிக்கட்டும். ஆனா ஒவ்வொரு கம்பியையும் அதுவே நக்கிப் பாக்கணும்."

பட்டப்பகலில் பன்னிரண்டு கம்பி. தெருவில் பாதி ஜனம். "இன்னா மாமு, உப்பு பத்துமா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். வாய் வேலையாக இருந்ததால் பதில் சொல்லவில்லை.

ஈஸ்டர் வந்தது; ஒரு கொப்புளம் இல்லை. கோயிலில் ஓலை வாசித்தார்கள்.

பல வருடம் கழித்து ஒரு புயல் மழையில் அந்தத் தெருவையே கடல் எடுத்துக்கொண்டது. ஜன்னல் விழுந்த அன்றுகூடப் பச்சை உரியவில்லை. அதற்குச் சாட்சி சொல்ல ரோசம்மா ஒருத்திதான் இருந்தாள். அவளும் போய் ஆறு வருடம் ஆகிறது. இனி நான் சொல்வதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.