தொப்பிக்குள் இருந்த எண்

மிஷன் பள்ளி வாத்தியார் கிருபாகரன், தெருவில் வெடி வெடித்தாலே சன்னலைச் சாத்துகிற வீரர். அப்பேர்ப்பட்டவர் தல்லாகுளத்து வீட்டில் முப்பத்தொரு பட்டாளத்துத் தொப்பிகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். ஜெர்மன் சண்டை முடிந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. திரும்பி வந்தவர்கள் வீட்டிலும், வராதவர்கள் வீட்டிலும் நைச்சியமாகப் பேசி வாங்கியவை. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை. எந்தப் படை, எங்கே சண்டை, எந்தத் துரை தலைமை எல்லாம் அதில் உண்டு. போட்டிருந்தவன் பேர் மட்டும் இருக்காது.

அவற்றைச் செப்பனிட்டவர் தொப்பி தைக்கும் ஷேக் தாவூது. வேலை கொடுக்கிறவர் என்பதால் தாவூதின் வாயில் மரியாதை இருந்தது. மனசில் மருந்துக்கும் இல்லை. வாத்தியாருக்குத் தொப்பி வேண்டும், போட்ட தலை ஆகாது.

"கண்ட பயலோட வேர்வை, பாய். உள்துணியப் பிச்சு எறிஞ்சிட்டு வெள்ளைப் பட்டு வச்சிரும்" என்பார்.

தாவூது பிரித்து அடுப்பில் போடுவார், பட்டு வைத்துத் தைப்பார். பிறகு வீட்டில் மனைவி லத்தீபாவிடம், "களத்துக்குப் போகாத கர்னலு! தூ!" என்று காறித் துப்புவார்.

ஒரு நாள் காலை தாவூது தொப்பி கொடுக்க வாத்தியார் வீட்டுக்கு வந்திருந்தபோது வண்டியூர் பொன்னழகி வாசலில் வந்து நின்றாள். புருஷனின் தொப்பியை இரண்டு வருஷத்துக்கு முன் வாத்தியாரிடம் கொடுத்தவள்.

"அவுகளை எங்கன பொதைச்சாகன்னு கேட்டு மனுப் போட்டேங்கய்யா. அதே பேர்ல ஏழு பேரு செத்திருக்காகளாம். பட்டாளத்து நம்பரு வேணுமாம். தொப்பிக்குள்ள மையில எழுதியிருந்துச்சு, லீவுல வந்து இதை விட்டுட்டுப் போறப்ப காட்டுனாக. ஒருவாட்டி பாத்துட்டுத் தாரேன்."

வாத்தியார் பிரம்பால் அட்டையைத் தொட்டு, அந்தப் படை பாஸ்ராவில் ஆற்றைக் கடந்த பெருமையை முழுக்க வாசித்தார்.

"அம்புட்டும் சரிங்கய்யா. நம்பரு?"

"உன் புருஷன் பேர் என்ன?"

"நான் எப்படிங்கய்யா சொல்றது? சுடுகாட்டுல நிக்கிற சாமி பேரு."

வாத்தியார் தாவூதைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீரா பாய்? இதுகளோட பேரை நான் எப்படி எழுதறது?"

சுடலை என்று மதுரையில் மாடு மேய்க்கிறவனும் சொல்லியிருப்பான். இவ்வளவு படித்த மண்டைக்குள் அது ஏறவில்லை. தாவூதுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொன்னழகி அலமாரியைத் தானே திறந்து தொப்பியை எடுத்துக் கவிழ்த்தாள். உள்ளே வெள்ளைப் பட்டு பளபளத்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இதுல இருந்த துணி எங்க?"

"அழுக்கு. சுத்தம் பண்ணச் சொன்னேன்" என்ற வாத்தியார், "பாத்து, கசங்கிரப் போகுது. அந்தப் படைத் தொப்பி எங்கிட்ட அது ஒண்ணுதான்" என்று கையை நீட்டினார்.

அவள் அவரை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை. தாவூது பக்கம் திரும்பினாள்.

"பிரிச்சது நீங்களாண்ணே? நம்பரைப் பாத்திருப்பீகள்ல? ரெண்டு எழுத்து ஞாபகம் இருந்தாக்கூடப் போதும்."

கத்தரிக்கோல் போன இடம் தாவூதுக்கு ஞாபகம் இருந்தது. மைக்கறை ஏதோ இருந்தது, கறை என்றுதான் வெட்டினார். வேர்வை நாற்றத்துக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு வெட்டியதும் ஞாபகம் வந்தது.

"பாக்கலம்மா" என்றார்.

அவள் தொப்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். வாத்தியார் சத்தம் போட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வாத்தியாரைத் திட்ட தாவூதுக்கு வாய் வரவில்லை.