யானைக்கு மூச்சு விட்டவர்

அவருடைய மாமியார் வீட்டுக் கூடத்தில் ஒரு குடும்பப் படம் மாட்டியிருக்கிறது. மாமியார் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மகள், பின்னால் மலை மாதிரி மகன். அந்த மலைக்குப் பின்னாலிருந்து ஒரு காது மட்டும் எட்டிப் பார்க்கும். அந்தக் காதுதான் அவர். கல்யாணமான புதிதில் எடுத்த படம். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மச்சான்” என்று சொல்ல அப்போது அவருக்கு வாய் வரவில்லை. வருகிற விருந்தாளிகள் எல்லாரும், “இது யாரு காது?” என்று கேட்பார்கள். “எங்க வீட்டு மாப்பிள்ளை காது” என்று மாமியார் விரலால் தொட்டுக் காட்டுவார். தொட்டுத் தொட்டு அந்த இடத்தில் கண்ணாடியே மங்கிப் போயிருந்தது.

பிழைப்பு, சரக்கு வண்டி ஓட்டுவது. மெத்தை, கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, எதை ஏற்றினாலும் கீறல் படாமல் இறக்குவார். ஒரு நாள் அவருக்கு ஒரு யானை கிடைத்தது. செத்துக் கிடக்கிற யானை. இரும்புக் கம்பியில் எலும்பு, நுரைப்பஞ்சில் சதை, ரப்பர் பாலில் நனைத்த துணியைச் சுருக்கிச் சுருக்கி ஒட்டிய தோல். தார்ப்பாய் போட்டுக் கட்டியும் தும்பிக்கை மட்டும் வெளியே தொங்கியது. சந்திப்பில் நின்ற போக்குவரத்துக் காவலர், வண்டியை நிறுத்துவதா வழி விடுவதா என்று தெரியாமல் தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்திருந்தார்.

யானை போய்ச் சேர்ந்த இடம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு. தந்தக் கடத்தல் கும்பலை ஒரு பெண் வனத்துறை அதிகாரி துரத்துகிற கதை. கல்யாண மேடை அலங்காரத்துக்குப் போகிற பொய்த் தூண்களுக்குள்ளே தந்தத்தை வைத்துக் கும்பல் ஊரைத் தாண்டிக் கடத்திக்கொண்டிருக்கிறது. முதல் வாரத்திலேயே அந்த அதிகாரி, விழுந்து கிடக்கும் கொம்பன் யானை ஒன்றைப் பார்க்கிறாள். அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. அவள் கண்ணெதிரே அது கடைசி மூச்சை விடுகிறது. ஜனங்கள் அந்த ஒரு மூச்சில் கலங்கினால்தான் மிச்ச வாரமெல்லாம் அவளோடு சேர்ந்து துரத்துவார்கள்.

ஆகவே யானைக்குள் ஓர் ஆள் வேண்டும். உள்ளே மல்லாந்து படுத்து, ஒரு பலகையைக் காலால் அமுக்கினால் லாரி ட்யூபில் காற்று ஏறி வயிறு எழும்பும். காலை விட்டால் வயிறு தாழும். கைக்கு எட்டுகிற சைக்கிள் பிரேக் பிடியை இழுத்தால் காது அசையும். அந்த யானையைச் செய்தவர் தன் உடம்பை அளந்துதான் அடிவயிற்றில் நுழைவழி வைத்திருந்தார். யானை வேலை முடிவதற்குள் அவருக்கே சதை போட்டுவிட்டது. இடுப்பு வரை நுழைந்து மாட்டிக்கொண்டவரை நாலு பேர் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

நம் வண்டிக்காரர், உள்ளே கட்டியிருந்த தன் கயிற்றை அவிழ்க்க நுழைந்தார். ஆள் ஒல்லி. வழுக்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே இருட்டு, மெத்தென்ற நுரைப்பஞ்சு, விடியற்காலையிலிருந்து வண்டி ஓட்டிய களைப்பு. கயிற்றைத் தேடிய கை அப்படியே ஓய்ந்தது. கால், பலகை மேல் இருந்தது; மூச்சு இழுக்கும்போது அது பலகையை அமுக்கியது, விடும்போது தளர்ந்தது.

அவர் தூங்குகிற விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு குட்டை மூச்சு இழுப்பார். பிறகு மூச்சே நின்றுவிடும், விடுவதற்கு மறந்துவிட்டவர் மாதிரி. பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்து விளக்கைப் போடப் போகிற நேரத்தில், நீளமாக ஒரு மூச்சு வெளியே வரும், முடிவில் சின்ன விசிலோடு. அந்த நடு இடைவெளியில்தான் அவர் மனைவி முழங்கையால் விலாவில் ஓர் இடி இடித்து, “இருக்கீங்களா?” என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இது வேலை. தூக்கத்திலேயே இடிக்கவும், தூக்கத்திலேயே கேட்கவும் பழகியிருந்தாள்.

டீ குவளையோடு அந்தப் பக்கம் வந்த இயக்குநர் நின்றுவிட்டார். யானையின் வயிறு இரண்டு தரம் பதறி எழுந்தது. நின்றது. இயக்குநருக்கும் மூச்சு நின்றது. பிறகு அந்தப் பெரிய வயிறு, மனசில்லாமல் விடைபெறுகிற மாதிரி, மெல்லத் தாழ்ந்தது.

“யாரது உள்ளே?” என்று மேனேஜர் குரல் கொடுக்கப் போனார்.

“ஷ்ஷ்! எழுப்பாதீங்க. எழுப்பினா நடிக்க ஆரம்பிச்சிடுவான்.”

அன்றிலிருந்து அவர் பெயர் வயிற்றுக்காரர். மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “யானை எப்படின்னு வெளியில யாருக்கும் தெரியக் கூடாது. உள்ளே ஒரு ஆளு படுத்திருக்கான்னு தெரிஞ்சா ஒருத்தனும் அழ மாட்டான்.”

“வீட்டுல மட்டும் சொல்லலாமா, சார்?”

“வீட்டுலதான் முதல்ல சொல்லக் கூடாது.”

வயிற்றுக்காரர் தலையாட்டினார். கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் இல்லை. ஆனால் ஒன்றுமே சொல்லாமல் இருக்கிற ஆளும் இல்லை.

“நான் டிவி தொடர்ல நடிக்கிறேன்” என்றார் மனைவியிடம்.

“நீங்களா? என்ன வேஷம்?”

“சொல்லக் கூடாது.”

“திருடனா, போலீஸா? அதையாவது சொல்லுங்க.”

“ரெண்டும் இல்ல. ஆனா நான் இல்லாட்டி கதையே இல்ல.”

அவள் அதைத் தன் அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா மகனுக்குச் சொன்னார். மகன் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய் எல்லார் வீட்டு மூலையையும் பார்த்துப் பார்த்து, உலகத்தில் சந்தேகப்படாத ஆளே இல்லை என்று ஆகிவிட்டவர். குற்றத் தொடர் எதுவானாலும் முதல் விளம்பரம் வருவதற்குள் குற்றவாளி யார் என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பானால் கதை எழுதியவனைத் திட்டுவார்.

“மாப்பிள்ளை நடிக்கிறாரா?” என்று அவர் சிரித்த சிரிப்பு, இவருக்கு வண்டி ஓட்டும்போதெல்லாம் காதில் கேட்டது. “படத்துல காது தெரிஞ்சா எனக்குச் சொல்லி அனுப்புங்க. நான் கண்டுபிடிச்சிடுவேன்.”

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகம் முழுசாக அந்த வீட்டுக் கூடத்தில் தெரிய வேண்டும். வயிற்றுக்காரருக்கு வந்த ஆசை அவ்வளவுதான். அதற்கான வாய்ப்பும் தானாகவே தேடி வந்தது.

தந்தத்தை அறுக்கிற ரம்பக்காரனாக நடிக்க வேண்டியவருக்குக் கன்னம் வீங்கிப்போய், ஆளே வரவில்லை. இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்ற வயிற்றுக்காரர் மேல் பார்வை விழுந்தது. “உங்க முகம் நல்லாத்தானே இருக்கு? இத்தனை நாளா உள்ளேயே வெச்சிருந்தோமே! நீங்க பண்ணுங்க. திரை நிறைய உங்க முகம்தான்.”

“அப்ப யானைக்கு உள்ளே, சார்?”

“லைட்காரர் படுப்பார். பலகையை அமுக்கறதுதானே.”

ஒப்பனைக்காரர் கன்னத்தில் ஒரு தழும்பு ஒட்டினார். வயிற்றுக்காரர் கண்ணாடியில் அதை அப்படித் திருப்பி, இப்படித் திருப்பிப் பார்த்தார். மச்சான் தோளுக்குப் பின்னால் ஒளிந்தவனுக்கு இந்தத் தழும்பு இருந்திருந்தால் மச்சானே தள்ளி நின்றிருப்பார் என்று தோன்றியது.

காட்சி இதுதான்: ரம்பக்காரன் குனிந்து தந்தத்தின் அடியில் ரம்பத்தை வைக்க வேண்டும். கேமராவைப் பார்க்காமல் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி ஒரு குரூரச் சிரிப்பு சிரிக்க வேண்டும். யானை பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

குனிந்தார். ரம்பத்தை வைத்தார். சிரிக்க வாயைத் திறந்தபோது வயிற்றைப் பார்த்துவிட்டார். புஸ் புஸ், புஸ் புஸ் என்று, பஞ்சரான டயருக்குக் காற்றடிக்கிற அவசரத்தில் அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“மெதுவா, மெதுவா! எங்க ஓடப் போறே?” என்றார் ரம்பக்காரன், யானையிடம்.

“கட்!” என்றார் இயக்குநர். “நீங்க அறுக்க வந்த ஆளு. நலம் விசாரிக்க வந்தவர் இல்ல.”

மறுபடியும் எடுத்தார்கள். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ஆனால் முகம் காட்டிக்கொடுத்தது. கெட்டவன் சிரிக்க வேண்டிய இடத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாமன் மாதிரி ஒரு முகம். இயக்குநர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “யானை சரியாத்தான்யா இருக்கு! யார் கவனிக்கப் போறா? உங்க மூஞ்சியைத்தான் சரி பண்ணணும்.”

வயிற்றுக்காரர் கையிலிருந்த ரம்பத்தைத் திருப்பிப் பார்த்தார். யார் கவனிக்கப் போகிறார்கள் என்பது உண்மைதான். முகம் தெரிந்தால் போதும், மாமியார் வீட்டில் டயர் மூச்சா, யானை மூச்சா என்று எவனும் கேட்கப் போவதில்லை. உள்ளே லைட்காரர் இன்னும் ‘புஸ் புஸ்’ என்று உழைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க வயிற்றுக்காரருக்குக் காலெல்லாம் அரித்தது.

ரம்பத்தைக் கீழே வைத்தார். “சார், இது இப்படிச் சாகாது. நான் உள்ளே போறேன். அவரை வெளியே நிறுத்துங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இன்னொரு தடவை கேட்க மாட்டேன்.”

“யோசிச்சா வெளியிலயே நின்னுடுவேன், சார்.”

தழும்பைப் பிய்க்கக்கூட நேரமில்லாமல் அதோடேயே உள்ளே நுழைந்தார். லைட்காரருக்கு வேறொரு தழும்பு ஒட்டினார்கள். அவருக்கு இருந்த மூக்குக்குத் தழும்பே அதிகப்படி. ஒரே தடவையில் காட்சி முடிந்தது. அடுத்து அதிகாரி ஓடி வந்து யானையின் தலையைத் தொட்டாள். வயிறு இரண்டு தரம் எழுந்தது, நின்றது, நீளமாகத் தாழ்ந்தது. பிரேக் பிடியை லேசாக இழுத்துக் காதையும் ஒரு தரம் அசைத்துவைத்தார். ஒலிப்பதிவுக்காரர் உள்ளே ஒரு மைக்கைச் செருகியிருந்தார். கடைசி விசில்கூடச் சுத்தமாகப் பதிவாயிற்று. அதிகாரியாக நடித்த பெண்ணுக்குக் கண்ணில் விட வைத்திருந்த கிளிசரின் பாட்டில் மூடி திறக்கப்படவே இல்லை.

தொடர் ஒளிபரப்பான முதல் நாள், மாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் தனி நாற்காலி. மச்சான் டிவிக்கு நேரே உட்கார்ந்து, திரையில் தோன்றிய ஒவ்வொரு முகத்தையும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்.

“இந்த டிரைவரா?”

“இல்லண்ணே” என்றாள் மனைவி. “அவருக்கு வழுக்கையே கிடையாது.”

“டீக்கடையில முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கானே, அவனா? முதுகு நம்ம மாப்பிள்ளை முதுகு மாதிரியே இருக்கு. ஏன் மாப்பிள்ளை, முகத்தைத்தான் குடுக்கலை, முதுகையாவது குடுத்தாங்களா?”

“பாருங்க, மச்சான்” என்றார் இவர்.

ரம்பக்காரன் வந்தான். திரை நிறைய முகம், மூக்கு, தழும்பு, சிரிப்பு. “யப்பா, என்ன மூஞ்சி!” என்று மச்சானே கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். வயிற்றுக்காரர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லை.

ரம்பம் அறுத்தது. மாமியார் வாயில் போட்ட கடலையை மென்று விழுங்க மறந்தார். அதிகாரி ஓடி வந்தாள். யானையின் வயிறு திரை முழுவதும் நிறைந்தது. இரண்டு குட்டை மூச்சு. பிறகு மூச்சு நின்றது.

நின்றதுதான் தாமதம், மனைவியின் முழங்கை வந்து இவர் விலாவில் இடித்தது.

“இருக்கீங்களா?”

கண் டிவியில்தான் இருந்தது. கை தன்னால் போயிருக்கிறது, வாயும் தன்னால் கேட்டிருக்கிறது. கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவள் மெல்லத் திரும்பினாள். திரையில் அந்த நீள மூச்சு இறங்கியது, முடிவில் சின்ன விசிலோடு. அவள் யானையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடி யானையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயை அழுத்தி மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பார்த்தவர்கள் அழுகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

மாமியார் நிஜமாகவே அழுதார். “வாயில்லாத ஜீவன். என்ன பாவம் பண்ணுச்சு?”

பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் மச்சான் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். “ஆக மொத்தம், மாப்பிள்ளையைக் காணோம்!”

“வந்துட்டுத்தான் போனாரு. நீதான் கவனிக்கலை” என்றாள் தங்கை.

“நான் கவனிக்கலையா? நானா?”

மாமியாருக்கு மாப்பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவன் கிடக்கான். அடுத்த வாரமாவது வருவீங்களா, மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

விலா வலி, மனைவி சிரிப்பு, மாமியார் கண்ணீர் எல்லாமாகச் சேர்ந்து அவரை நிலை தடுமாற வைத்திருந்தன. “இல்ல அத்தை” என்றார். “நான் இன்னைக்கே செத்துட்டேன்.”

“செத்தீங்களா?” மச்சான் சட்டென்று துப்பறிவாளர் ஆனார். “யாரு செத்தது? இந்த வாரம்தான் யாருமே சாகலையே. டிரைவர் தப்பிச்சிட்டான். டீக்கடைக்காரன் இருக்கான். ரம்பக்காரன் ஓடிட்டான். செத்தது யானை மட்டும்தா...”

நிறுத்தினார். சுவரில் இருந்த காதைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். ஆயுளில் முதல் தடவையாகச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதைச் சொல்ல வாய் வராமல் நின்றார்.

மாமியார்தான் எழுந்து வந்தார். மாப்பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, உதட்டை விலக்கிப் பல் வரிசையைக் கவலையோடு பார்த்தார்.

“அந்தப் பாவி அறுத்தானே, வலிச்சுதா மாப்பிள்ளை?”

“சொல்லக் கூடாது, அத்தை” என்றார் அவர்.