அம்ப்ரோசியின் தேயிலையில் ஈயம்

என் மனைவி லமாரா கல்யாண விருந்துக்கே மோதிரம் இல்லாமல்தான் வருவாள். உதட்டுச் சாயமும் கிடையாது. "அதுல என்னென்ன உலோகம் கலந்திருக்குன்னு எனக்குல்ல தெரியும்" என்பாள். ஒசுர்கெத்தி நகரத் தேயிலை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து இதே பாட்டுதான். தேயிலையைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, கருவியின் சுடருக்குள் விடுவாள். இரும்பு, மாங்கனீசு, செம்பு, ஈயம் எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டிவிடும். குடுவைகளைக் கழுவுவதில் காட்டும் அக்கறையில் பாதியை என் மேல் காட்டியிருந்தால் நான் இன்னும் மாப்பிள்ளை மாதிரி இருந்திருப்பேன்.

இந்த மே மாதம் பக்கத்து ஊர் அம்ப்ரோசி தன் தேயிலையைச் சோதிக்கக் கொடுத்தார். காடாய்க் கிடந்த தோட்டத்தைத் தனி ஆளாய்த் திருத்தியவர். அதன்பிறகு அவர் வீட்டில் வேறு தேயிலை கிடையாது. கர்ப்பமாயிருக்கும் மகள் நாத்தோ குடிப்பதும் அதையேதான்.

ஈயம் இருக்கவேண்டிய அளவைவிடப் பல மடங்கு இருந்தது. லமாரா மறுபடியும் செய்து பார்த்தாள். அதே முடிவு. அவரை வரச்சொல்லி நேரிலேயே சொன்னாள். அவளை அழைத்துப்போக வந்த நானும் அங்கே நின்றிருந்தேன்.

அம்ப்ரோசி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி, எம் பொண்ணுக்கு நானே விஷம் குடுத்துட்டேனா?"

நான் லமாரா மேல்தான் பாய்ந்தேன். "உன் மெஷினு கெட்டுப்போச்சுன்னு சொல்லேன்!"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீ கொஞ்சம் வாயை மூடு" என்றவள், முடிவுகளையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஈயத்தோடு செம்பும் துத்தநாகமும் சேர்ந்து ஏறியிருந்தன. "அண்ணே, தூளாத்தானே கொண்டாந்தீங்க? எதுல இடிச்சீங்க?"

"எங்கப்பாவோட பித்தளை உரல்ல."

"முழு இலையாக் கொண்டாந்தா நான் அரைச்சுக்க மாட்டேனா?"

"ஆய்வுக்கூடத்துக்கு இலையை அப்படியே வாரிக்கிட்டா வர்றது? நம்ம வீட்டு மரியாதை என்னாகுறது? உரலைக்கூட புளிப்புப் பிளம் பழம் போட்டு பளபளன்னு தேச்சு வச்சேனே!"

லமாரா தலையில் அடித்துக்கொண்டாள். செம்பு, துத்தநாகம், கொஞ்சம் ஈயம்: பழைய பித்தளையின் சரக்கே அதுதான். போதாததற்குப் புளிப்பு வேறு அதை இளக்கிவிட்டிருக்கிறது.

"வீட்டுக்குக் குடிக்கற தேயிலையையும் அதுலதான் இடிக்கறீங்களா?"

"குடிக்கறதை யாரு இடிப்பா? முழு இலைதான். உரல் அலமாரியில சும்மா அழகுக்கு நிக்குது."

அவர் முகத்தில் உயிர் வந்தது. ஆனால் என் மகராசி விடுவாளா? "ஊகத்தை வச்சு நான் எதுவும் சொல்லமாட்டேன்ணே. திரும்பப் பாக்கணும்" என்றுவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் காலை அவர் தோட்டத்தில் அவளே இலை பறித்தாள். நாத்தோவின் டப்பாவிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். முடிவு வரும்வரை நானும் அம்ப்ரோசியும் ஆய்வுக்கூட வாசலில் புகைத்துத் தள்ளினோம். புனித ஜார்ஜுக்கு அவர் ஆட்டுக்கடா நேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அதை மாடாக உயர்த்தினார்.

மாலையில் லமாரா வெளியே வந்தாள். "ரெண்டும் சுத்தம்ணே. எந்த நல்ல தேயிலையிலயும் இருக்குற அளவுதான். பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

வயிற்றில் பால் வார்த்தாள், புண்ணியவதி! அம்ப்ரோசி உரலைத் திட்டினார், தன்னைத் திட்டினார், லமாராவுக்குக் கொடுக்கவேண்டிய முத்தத்தை என் கன்னத்தில் கொடுத்தார். பிறகு மகளுக்குப் போன் போட்டார். வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

"அப்பா? என்னாச்சு? சொல்லுப்பா!" நாத்தோ அந்தப் பக்கம் அழவே தொடங்கிவிட்டாள்.

லமாரா போனைப் பிடுங்கினாள். "அழாதடி நாத்தோ. தண்ணியக் கொதிக்க வை. உங்கப்பாவோட நாங்களும் வர்றோம். உன் டப்பாவுல இருக்கே, அந்தத் தேயிலையையே போடு. எனக்கும் அதேதான்."