மொட்டைக்கும் ஒரு வழி

என் மச்சினி வனஜா ஒரு காரியம் செய்தாள் பாருங்கள்... மறுநாள் காலையில் ஆன்லைன் பரீட்சை. முதல் நாள் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள்!

வனஜா நர்ஸ். ஆர்.கே.பேட்டையில் இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கான பரீட்சை அது. ஊரில் கரண்ட்டை நம்ப முடியாது என்று திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு எழுத வந்திருந்தாள். தவறவிட்டால் மறு வாய்ப்பு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

"ஏம்மா, பரீட்சை முடிஞ்சு போட்டுக்கக் கூடாதா?" என்றேன்.

"கிருத்திகைக்குப் போடறேன்னு வேண்டிக்கினேன் பாவா. புள்ள காய்ச்சல்ல கெடந்தப்போ முருகன் நாள் தள்ளிப் போட்டாரா?"

எங்கள் பக்கம் அத்தானைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் போய் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டேன்.

காலையில் லேப்டாப் முன் உட்கார்ந்தாள். உள்ளே விடுவதற்கு முன் கேமரா முகம் பார்க்குமாம். விண்ணப்பப் படத்தில் வனஜாவுக்கு நீளப் பின்னல். "முகம் பொருந்தவில்லை" என்றது சிவப்பு எழுத்து. தலையில் இருந்த சந்தனத்தைக் கழுவிவிட்டு வந்தாள். அப்போதும் பொருந்தவில்லை.

என் மனைவி ஓடிப்போய்த் தன் சவுரியை எடுத்துவந்தாள். மொட்டையில் அது எங்கே நிற்கும்? பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "படத்தில் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும்" என்றது கம்ப்யூட்டர்!

எனக்குச் சிரிப்பு வந்தது. வனஜாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "போச்சு பாவா... எல்லாம் போச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"இந்த வெப்சைட் பண்றவனுங்க இருக்கானுங்களே..." என்று ஆரம்பித்தேன். கடைசிக் கட்டத்தில் ஒரு தப்பு செய்தால் முழுசையும் அழித்துவிடுகிற எத்தனை வெப்சைட்டுகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை!

"கொஞ்சம் சும்மா இருங்க. கீழ இன்னா போட்டிருக்கு பாருங்க" என்றாள் மனைவி.

சிவப்பு எழுத்துக்குக் கீழே ஒரு வரி. "தோற்றம் மாறியிருக்கிறதா? மொட்டை, தாடி, காயக்கட்டு – எதுவானாலும் பரவாயில்லை. இங்கே தொடுங்கள்."

மொட்டை! அப்படியே எழுதியிருந்தது.

தொட்டதும் திரையில் ஒரு அம்மா வந்தார். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "வேண்டுதலாங்க?"

"ஆங், மேடம்."

அவ்வளவுதான். கேள்வித்தாள் திறந்தது. கூடவே இன்னொரு வரி: "சரிபார்க்க ஆன நேரம் உங்கள் தேர்வு நேரத்தில் குறையாது. நிதானமாக எழுதுங்கள்." வனஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் எழுதினாள்.

கலர் கலராகப் படம் ஓடினால் நல்ல வெப்சைட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை சார்... எங்கேயோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து, 'மொட்டை போட்ட ஒருத்தி வந்தால் என்ன செய்வாள்?' என்று ஒருவர் யோசித்திருக்கிறார். வனஜாவை அவருக்குத் தெரியாது. திருத்தணியே தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் அவளுக்கு ஒரு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த மனிதருக்கு எங்கே போய் நன்றி சொல்வது?

எனக்குத் தெரியவில்லை. வனஜாவுக்குத் தெரிந்திருந்தது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதற்குள் போன செவ்வாய்க்கிழமை அர்ச்சனைத் தட்டோடு மலைக்கு வந்துவிட்டாள். நானும் கூடப் போனேன்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"பேரு தெரியாதுங்க சாமி. கம்ப்யூட்டர்ல மொட்டைன்னு எழுதினவங்க... அவங்க நல்லா இருக்கணும்."

குருக்கள் ஒன்றும் குழம்பவில்லை. "பேரு தெரியாதா? பரவால்ல, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

'பெயர் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை!