மூடுபனிக் காந்தம்

ஆய்வு மாணவியான அவள் வரைந்த வரைபடத்தில் மூடுபனியும் காந்தமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அதை எங்கள் ஆய்வுக்கூடத்துக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருந்தாள். குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவின் விளிம்பில் நின்ற பழைய பங்களா ஒன்றைத் திருத்தி அமைத்த கூடம் அது. உள்ளே வந்து கதவைச் சாத்துகிறவர் முதலில் காண்பது அந்த இரண்டு கோடுகளைத்தான். நீலக்கோடு காற்றின் ஈரம். சிவப்புக்கோடு எங்கள் படலங்களில் அளக்கப்பட்ட காந்தம். ஆடியில் இரண்டும் உச்சிக்குப் போகும், ஐப்பசி மழையில் மறுபடி எழும், மாசியில் தரையைத் தொடும். அந்த ஒழுங்கு முதலில் எனக்கு அழகாகத் தோன்றியது. பிறகு, காரணம் சொல்லத் தெரியாமலே, கதவை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போகப் பழகிக்கொண்டேன்.

நான் அங்கே படலம் வளர்ப்பவள். விரல்நகம் அளவுள்ள படிகச் சில்லின் முதுகில் வெள்ளிப் பசை தடவி, அதைச் சூடேற்றும் தட்டில் ஒட்டி, வெற்றிடக் கலத்துக்குள் வைத்து, லேசரால் வேறோர் ஆக்சைடை ஆவியாக்கி அதன்மேல் படியவைப்பது என் வேலை. படிவது கண்ணுக்குத் தெரியாது, சில அணுவரிசைகள்தாம். அடியிலுள்ள சில்லும் மின்சாரத்தைக் கடத்தாது, மேலே படியும் ஆக்சைடும் கடத்தாது. ஆனால் இரண்டும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் எலக்ட்ரான்கள் உலோகத்தில் ஓடுவதுபோல் ஓடத் தொடங்கும். இது பலரும் அறிந்தது. அவள் தேடியது அதற்கு அடுத்ததை: காந்தமே இல்லாத இரண்டு பொருள்கள் சந்திக்கும் அந்த எல்லையில் காந்தமும் பிறக்குமா என்பதை.

பிறக்கிறது என்று அவளுடைய அளவீடுகள் சொல்லின. படலத்தின் மேல் ஒட்டும் நீர்த்துகள்கள் அடியில் ஓடும் எலக்ட்ரான்களைப் பாதிக்கும் என்பதும் தெரிந்த செய்தியே. எனவே மழைமாதங்களில் வளர்த்த படலங்களில் காந்தம் கூடுவதற்கு மலையின் மூடுபனியையே அவள் காரணமாகக் காட்டினாள். அப்படி அவள் எழுதிய சிறு கட்டுரை வெளிவந்த நாளில் அவளுடைய வழிகாட்டி, எங்கள் கூடத்தின் தலைவர், மொறுமொறுப்பான வர்க்கி பிஸ்கட் தட்டுடன் வந்து என் மேசையருகே நின்றார்.

“ஏனுங்க மேடம், இத்தனை வருசமா இந்தப் பனியைத் திட்டிக்கிட்டே இருந்தோமுங்களே. அது நமக்குச் சம்பளமில்லாம வேலை பாத்திருக்குதுங்க.”

அவள் சிரித்தாள். அவளுக்கு வலது கன்னத்தில் மட்டும் குழி விழும். நானும் சிரித்தேன்.

அவளுடைய பெற்றோர் சிறுவயதில் இலங்கை மலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தந்தை இல்லை. தாய் அரவேணுவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறையும் சமையற்கட்டும் அவர்களுக்கு இருந்தன. வேலையில் இருக்கும்வரைதான் அந்த வீடு. அடுத்த ஆடியில் தாய்க்கு ஓய்வு. அதன்பின் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று, இந்த மூடுபனிக் காந்தத்தைப் படித்துவிட்டு, ஆய்வேட்டை முடித்ததும் வந்து சேரும்படி அவளுக்கு எழுதியிருந்தது. அந்த வேலை கிடைத்தால் தாய்க்குக் கோத்தகிரியில் ஒரு வீடு. ஆய்வேடு முழுவதும் சிவப்புக்கோட்டின்மேல் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அந்த லயத்துக்கு அழைத்துப்போனாள். சாயம் கூடிய தேநீரைக் கொடுத்துவிட்டுத் தாய் என்னெதிரே குந்தி உட்கார்ந்தார்.

“காந்தம் காந்தம்னு எந்நேரமும் சொல்றாளே, டீச்சரம்மா. அதை வச்சு என்னாத்தப் புடிக்கப்போறா? மாப்பிள்ளையக்கூடப் புடிக்க ஏலாது.”

“வீட்டைப் புடிச்சுத் தாரேன்னு சொன்னேன்ல, பேசாம இரும்மா.”

“வீடும்பா, நாடும்பா. அஞ்சு வருசமாச் சொல்றா. நானும் கூடைய எறக்கி வைக்கலாம்னு பாக்குறேன்.” மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனார். நான் ஆசிரியை அல்ல என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூரைத் தகரத்தில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்த சவுக்குமரம் நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்டது.

அந்த வருட மழையில் சின்னச் சின்ன உறுத்தல்கள் வந்தன. இரண்டு மடங்கு தடிமனாகப் படலம் வளர்த்துக்கொடுத்தேன், காந்தம் கூடவில்லை. அவள் யோசித்துவிட்டு, “எல்லையிலதானே பொறக்குது அக்கா, தடிமன் எதுக்கு?” என்றாள். சரியான பதில். ஒரே நாளில், ஒரே கலத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்த இரண்டு சில்லுகளில் ஒன்று மற்றதைவிட மூன்று பங்கு காந்தம் காட்டியது. வெளியே எடுத்தபின் ஒன்று ஜன்னலோரம் இருந்தது, அதிக ஈரம் பட்டிருக்கும் என்றாள். அதுவும் சரியான பதிலாகவே இருந்தது. அவளுடைய விளக்கத்துக்குள் எதற்கும் இடம் கிடைத்தது. எதைக் கொண்டுபோனாலும் அது ஏற்றுக்கொண்டது. எனக்கு அந்த இடவசதிதான் அச்சமூட்டியது.

பிறகு ஒரு பிற்பகல். காலையிலிருந்தே பனி கூடத்தின் தாழ்வாரம்வரை ஏறி நின்றது. கலத்தில் ஒரு சில்லைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். எங்கோ சரிவில் கற்பூரமரம் ஒன்று மின்கம்பியின்மேல் சாய, விளக்குகள் அணைந்தன, ஜெனரேட்டரும் எழும்பவில்லை. வெற்றிடப் பம்பு இழுத்து மூச்சுவிட்டு நின்றது. லேசரை நான் தொடக்கூட இல்லை. மின்சாரம் திரும்பியபோது கலத்தைத் திறந்து, ஆறியிருந்த சில்லை எடுத்து, படலம் படியாத சில்லு என்று சொல்லி அவளிடம் கொடுத்தேன்.

அவள் வழக்கப்படி அதைத் துடைக்க உட்கார்ந்தாள். சூட்டில் இறுகிய வெள்ளிப் பசை முதுகில் அடையாக நிற்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் எதையும் அளக்கமுடியாது. அதற்கு எங்கள் கூடத்தில் சவர பிளேடுதான். காகித உறையோடு பிளேடை இரண்டாக ஒடித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வோம். ஈரமாதங்களில் அதன் ஓரம் சிவந்துபோகும். ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வோம்.

“சும்மாதானே கெடக்குது, இதையும் ஒரு தடவை அளந்து வச்சுக்கறேன் அக்கா. வெறுஞ்சில்லுக் கணக்குக்கு ஆகும்.”

அதற்கு முன் ஒப்பிடுவதற்காக நாங்கள் அளந்த வெறுஞ்சில்லெல்லாம் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்த புதுச் சில்லு; பசை பூசாதது, சுடாதது, சுரண்டாதது. காந்தமானிக்குள் அதை வைத்துக் காந்தப்புலத்தை ஏற்றி இறக்கினால் திரையில் ஒரே நேர்க்கோடு வரும். போன வழியிலேயே புள்ளிகள் திரும்பும். காந்தம் உள்ள பொருளானால் திரும்பும் வழி வேறாகி, கோடு நடுவில் பிளந்து, நெல்மணிபோல் ஒரு வளையம் திறக்கும்.

நான் அவளுக்குப் பின்னால் நின்று கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. புள்ளிகள் ஏறின, நின்றன, திரும்பின. திரும்பும்போது அவை முதல் கோட்டைவிட்டு விலகி நடந்தன.

அவள் இருக்கையைத் திருப்பாமலே கேட்டாள். “அக்கா, இதுல படலம் போட்டீங்களா?”

“இல்ல கண்ணு.”

“ஒரு தடவையாச்சும் லேசர் விழுந்துச்சா?”

“நான் அதைத் தொடவே இல்ல. அதுக்குள்ள கரண்டு போயிருச்சு.”

வளையம் முழுதாக மூடிக்கொள்ளும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மிகச் சிறந்த படலங்கள் தந்த வளையத்தின் அதே அளவு, அதே வடிவம். பிறகு எழுந்துபோய்க் கூடத்தின் கதவைச் சுவரோடு சேரும்வரை அகலத் திறந்துவிட்டாள். வரைபடம் சுவருக்கும் கதவுக்கும் நடுவே மறைந்தது. பனி உள்ளே வந்தது. நாங்கள் இருவரும் அதைத் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் அவள் காந்தமானியருகிலேயே இருந்தாள். தன் சிறந்த சில்லுகள் ஒவ்வொன்றின் முதுகையும் ஓரங்களையும் அமிலத்தில் துடைத்து, படலத்தைத் தொடாமல், மறுபடி அளந்தாள். ஒவ்வொன்றிலும் வளையம் நேர்க்கோடாக இளைத்தது. புதுச் சில்லொன்றில் பசை பூசிச் சுட்டு, உடைத்த கண்ணாடி விளிம்பால் சுரண்டினாள், காந்தம் இல்லை. அதே சில்லைத் துருவேறிய பாதி பிளேடால் இரண்டு முறை இழுத்தாள், காந்தம் வந்தது. எல்லையில் எதுவும் பிறந்திருக்கவில்லை. பிளேடு உதிர்த்த இரும்புத் துகள் முதுகில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஈரம் கூடிய மாதங்களில் பிளேடு துருப்பிடித்து அதிகமாக உதிர்ந்தது. அதனால்தான் சிவப்புக்கோடு நீலக்கோட்டின் பின்னாலேயே போனது. துருவும் ஓர் ஆக்சைடு படலமே என்று எனக்குத் தோன்றியது.

இரும்பு படும் என்று அஞ்சி எஃகு இடுக்கியைக் கூடத்துக்குள் விடாமல் பிளாஸ்டிக் இடுக்கியையே பயன்படுத்தியவர்கள் நாங்கள். ஆனால் பிளேடு சில்லைப் பிடிக்கும் கருவியல்ல, துப்புரவு செய்யும் கருவி. சுத்தப்படுத்துவதிலிருந்து அழுக்கு வரும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தலைவர் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், அன்று அவர் முகத்தில் இருந்தது பேராசையல்ல, களைப்பு.

“ஏனுங்க, எல்லாச் சில்லும் அப்படின்னு எப்படிச் சொல்லமுடியும்? கொஞ்சம் இரும்பு இருக்கட்டும். மிச்சம் நெசமா இருக்கலாமில்ல? முதல்ல சப்மிட் பண்ணும்மா. அப்புறம் நிதானமா உக்காந்து பாத்துக்கலாம்.”

“மிச்சம்னு ஒண்ணும் இல்லீங்க சார். கழுவுனா பூஜ்யம்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு வெண்மையைத் தவிர எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மின்னஞ்சல் வந்தது. சமவெளியில், மழையே அபூர்வமான ஓர் ஊரிலிருந்த ஆய்வுக்குழு எழுதியிருந்தது: எங்கள் முறையைப் பின்பற்றிப் படலம் வளர்த்து ஈரமூட்டிப் பார்த்தார்களாம், அவர்களுக்கும் காந்தம் கிடைத்ததாம், பாராட்டுகளாம். தலைவர் அதை அச்சிட்டு எடுத்துவந்தார். அவர் குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது.

“இப்ப என்ன சொல்றே? அங்க பனியும் இல்ல, நம்ம பிளேடும் இல்ல.”

அவள் தாளை வாங்கிப் படித்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் முகத்தில் அந்தக் கன்னக்குழி தோன்றப் பார்த்ததை நான் கண்டேன். பேசாமல் இருந்தால் போதும். கோத்தகிரியில் வீடு, தாய்க்கு ஓய்வு, கடல்கடந்த வேலை, எல்லாவற்றுக்கும் இப்போது இன்னொரு ஊரே சாட்சி சொல்லியது. அவள் தாளை மேசைமேல் வைத்தாள். அன்றே அவர்களுக்கு ஒரு கேள்வி அனுப்பினாள்: சில்லின் முதுகிலுள்ள பசையை எதனால் எடுக்கிறீர்கள்?

பதில் சில நாளில் வந்தது. அவள் என்னைத் தன் திரைக்கு அழைத்தாள். உங்கள் கட்டுரையில் சொன்னபடியேதான், சவர பிளேடால், என்று எழுதியிருந்தார்கள்.

“நாம எழுதிக் குடுத்ததையே செஞ்சிருக்காங்க அக்கா,” என்றாள் மெதுவாக. “எழுத்துக்கு எழுத்து.”

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவளே எழுதினாள். தலைவர் ஒருநாள் முழுக்க அதைத் தம் மேசையில் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்திட்டார். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் மரியாதையாக வாழ்த்துச் சொல்லி, இடம் வேறொருவருக்குப் போய்விட்டதென்று தெரிவித்தது. அவள் ஆய்வேட்டை முதலிலிருந்து தொடங்கினாள். பொய்க் காந்தம் எங்கிருந்தெல்லாம் வரும் என்பது அதில் ஓர் அத்தியாயம். அதைப் படித்து அவளை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை.

ஆடியில் லயத்தைக் காலிசெய்தார்கள். காந்தல் என்ற பகுதியில் வாடகைக்கு ஓர் அறை பார்த்துக்கொடுத்திருந்தேன். நானும் உடன் போனேன். சாமான்கள் ஒரு சின்ன வண்டிக்குள் அடங்கிவிட்டன. கடைசியாகக் கொழுந்துக் கூடையைத் தாய் தாமே தூக்கிவந்து வைத்தார். அதை ஏன் எடுத்துவருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. பூட்டிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

“ஏன்டி, அந்தக் காந்தம் பொய்யின்னு நீ வாயத் தொறக்கலேன்னா, யாருக்காச்சும் வெளங்கியிருக்குமா?”

“யாருக்கும் வெளங்கியிருக்காதும்மா. அதான் பயமா இருந்துச்சு.”

தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “சரி ஏறு. பனி மூடுது,” என்றார்.

வண்டி வளைவுகளில் ஏறியது. முன்விளக்கு இரண்டடிக்கு மேல் போகவில்லை. மேட்டில் சிக்னல் கிடைத்ததும் அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. படித்தாள், என்னிடம் நீட்டினாள். பெயரே கேட்டிராத ஓர் ஊரிலிருந்து, திரும்பப் பெற்றது தெரியாமல் எங்கள் கட்டுரையைப் படித்து, அதே காந்தத்தைத் தாங்களும் கண்டுவிட்டதாக வேறொரு குழு எழுதியிருந்தது.

“யாருடி?” என்றார் தாய், மடியில் அடுப்பை அணைத்துப் பிடித்தபடி.

“தெரியாதவங்கம்மா,” என்று சொல்லிவிட்டு, குலுங்கும் வண்டியிலேயே அவள் பதில் எழுதத் தொடங்கினாள்.