பனையைச் சுற்றிய கயிறு

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடக் கணித மாணவர்களுக்குக் கவரிங் ஸ்பேஸ் என்ற பாடம் தொடங்கும் நாளில் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறுவேன். அதற்கு மேலே சுருள் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு. வட்டத்தில் ஒரு சுற்றுப் போனால் புறப்பட்ட புள்ளிக்கே வந்துவிடுவோம். அதே நடையைச் சுருளில் நடந்தால் ஒரு மாடி ஏறியிருப்போம். கீழே மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. எத்தனை சுற்று, எந்தப் பக்கமாக என்பதை மறக்காமல் வைத்திருப்பதைத்தான் கணிதத்தில் வட்டத்தின் அடிப்படைக் கூட்டம் என்போம். இதைச் சொல்லி முடித்ததும் தண்ணீர் குடிப்பேன். தொண்டை வறண்டுவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

நான் கம்பஸில் படித்த காலத்தில், இதே பாடத்தின் சோதனைக்கு நெடுந்தீவில் எங்கள் வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். ஐயா இல்லாத வீடு. அம்மாவும் நானும் ஒரு சிவப்புப் பசுவும். என்னைக் கம்பஸ் வரைக்கும் கொண்டுவந்தது அதன் பால்தான். அப்போது அது நிறைமாதச் சினை. கன்று எப்போது விழும் என்று அம்மா நாளெண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் கிளினிக். காலைப் படகில் போனால் பின்னேரம்தான் திரும்பலாம். முதல்நாள் மழையில் நிலம் இளகி, மாடு கட்டுகிற கட்டை பிடுங்கி வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கல்வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பனையில் கட்டினார். கட்டையில் போட்ட கண்ணி மாட்டோடு சேர்ந்து சுழலும். பனையில் இறுக்கிய கயிறோ மாடு நடக்க நடக்கச் சுற்றிக்கொண்டு குறுகும். படகுக்கு ஓடும் அவசரத்திலும் அம்மா நின்று சொன்னார்.

"அடிக்கடி போய்ப் பார் பிள்ளை. சுத்தியிருந்தா வந்த பக்கத்தாலேயே திருப்பி நடத்து. அவிழ்க்காதை, உன்னாலை பிடிக்க ஏலாது."

ஓம் ஓம் என்றேன். புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

குசினி வாசலில் கதிரையைப் போட்டு அமர்ந்திருந்தேன். அங்கிருந்து வேலிக்கு மேலே பசுவின் முதுகும் கொம்பும் தெரியும். கயிறு தெரியாது. ஒரு கணக்கு மண்டையைக் குடைந்தது. ஒரு புள்ளியைப் பிடுங்கிய தளத்தில், ஒரு பாதை அந்த ஓட்டையை எத்தனை தரம் சுற்றியது என்று காண வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். பசு பனைக்குக் கிழக்கே நின்றது. அரை மணித்தியாலம் கழித்தும் கிழக்கேதான். மூன்றாம் தரம் பனையோடு ஒட்டி நின்றது. நிழல் தேடுகிறது என்று நினைத்தேன். என் படிப்பில் நெருப்பை வைக்க.

கணக்குச் சரிவந்தது. அந்தச் சந்தோசத்தில் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டுப் பார்த்தால் முதுகைக் காணவில்லை. ஓடினேன். கயிறு பனையை எட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தது. வலியெடுத்துப் படுக்கப் பார்த்திருக்க வேண்டும். தலையைக் கீழே வைக்க விடாமல் கயிறு கழுத்தை இறுக்கியிருந்தது. கத்தி எடுத்து வந்து அறுத்தேன். அதற்குள் பசு முடிந்துவிட்டது. வயிற்றில் கையை வைத்தேன். உள்ளே கன்று கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பின்னேரம் அம்மா வந்து மாட்டின் பக்கத்தில் நிலத்திலேயே அமர்ந்துவிட்டார். பார்த்தாயா என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அம்மா, ஒவ்வொரு தரமும் பாத்தனான். அங்கைதான் நிண்டது."

பொய்யில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. பார்த்தேன்தான், ஒரு தரமும் எழும்பிப் போகவில்லை. அறுத்த கயிற்றின் எட்டுச் சுற்றும் அப்படியே பனையில் கிடந்தன. அம்மா அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனையில் அதே மாதிரிக் கணக்குத்தான் வந்தது. நன்றாகச் செய்தேன்.

போன வருடம் அம்மாவின் செத்தவீட்டில் பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பழைய கதைகள் சொன்னார். பசுவின் கதையும் வந்தது.

"பாவம் கொம்மா. தான்தான் அவசரத்திலை பிழையாக் கட்டிப்போட்டன், பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லையெண்டு கடைசிமட்டும் சொன்னவ."

இல்லை அக்கா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பெட்டி மூடப்போகிறார்கள், முகம் பார்க்கிறவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். எழும்பிக் கிட்டப் போனேன்.